டார்க்ரூமில் போட்ட பிரிண்ட்டும் கம்ப்யூட்டரில் எடிட் செய்த படமும்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: நான்கு வருடமாகக் கம்ப்யூட்டரில் படங்களை எடிட் செய்கிறீர்கள். ஒரு மூத்த புகைப்படக்காரர் உங்கள் படங்களைப் பார்த்துவிட்டு, "நாங்கள் டார்க்ரூமில் கையால் செய்தோம், அது கலை. நீங்கள் செய்வது மெஷின் வேலை" என்று சொல்லிவிட்டார். டிஜிட்டல் எடிட்டிங், டார்க்ரூம் வேலைக்கு, அதாவது இருட்டறையில் ஃபிலிமிலிருந்து பேப்பரில் படம் போடும் வேலைக்கு, இணையான கலைதானா என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தபோது, அதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. உழைப்பு குறைந்தால் கலையும் குறையுமா என்பது ஒன்று. எடுத்த படத்தை மாற்றுவது ஏமாற்று வேலையா என்பது இன்னொன்று. மூன்றாவதை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்: இத்தனை நாள் செய்ததெல்லாம் வீணா?

வீண் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே சமயம் அந்தப் பெரியவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை அவர் சரியான இடத்தில் வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பதினாறு வருட டார்க்ரூம் அனுபவம் உண்டு. அதற்கப்புறம் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர்தான். டார்க்ரூமில் நான் செய்தது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. கலர் பிரிண்ட் கொஞ்ச காலம்தான் போட்டிருக்கிறேன். அதனால் இங்கே டார்க்ரூம் என்று நான் சொல்வதெல்லாம் கறுப்பு வெள்ளை டார்க்ரூம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். "கேமரா பார்த்ததை அப்படியே தருவது டார்க்ரூம், மாற்றுவது கம்ப்யூட்டர்" என்பது வரலாற்றில் எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. 1856, 57 வாக்கில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே எடுத்த கடல் படங்களைப் பாருங்கள். அன்றைய கொலோடியன் நெகடிவ் (ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு; அதில் வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் பதியும்) நீல ஒளிக்கு அளவுக்கு மீறி உணர்வு காட்டும். கடலுக்குச் சரியாக எக்ஸ்போஸ் செய்தால் (ஒளி படும் அளவைக் கடலுக்கு ஏற்ப வைத்தால்) வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் பல படங்களில் கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு வேறொரு நெகடிவ் என்று எடுத்து, அடிவானத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே பிரிண்ட்டாகப் போட்டார். இன்று கம்ப்யூட்டரில் இரண்டு எக்ஸ்போஷரை ஒன்றின் மேல் ஒன்றாக லேயரில் வைத்து, வேண்டாத பகுதியை மறைக்க மாஸ்க் போடுகிறோமே, அதே வேலை. 1857-ல் ஆஸ்கர் ரைலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே பெரிய காட்சியை உருவாக்கினார். அடுத்த வருடம் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களிலிருந்து, சாகக் கிடக்கும் ஓர் இளம்பெண்ணின் படத்தைச் செய்தார். புகைப்படம் என்ற ஒன்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். இருபது வருடம் முடிவதற்குள் ஒட்டுவேலை இந்த அளவுக்கு வந்துவிட்டது.

ஒட்டுவேலையை விடுங்கள், ஒரே நெகடிவிலிருந்து போடும் நேர்மையான பிரிண்ட்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவு எழும் படத்தை எடுத்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும் என்பதால் அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். இரண்டாவது நெகடிவ் எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. ஆகக் கையிலிருந்தது ஒரே நெகடிவ், அதுவும் கீழ்ப்பாதி மெலிந்து போனது. 1948-ல் அந்தக் கீழ்ப்பாதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி கூட்டினார். அப்புறம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டார். ஆரம்பத்தில் போட்டவற்றில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும், வானம் சாம்பல் நிறமாக இருக்கும். பிற்காலத்தில் போட்டவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. அதே நெகடிவ், அதே ஆள், ஆனால் முப்பது வருடத்தில் வேறொரு இரவாகவே மாறிவிட்டது. இதில் எது அசல் என்று கேட்டால் பதிலே கிடையாது. நெகடிவ் என்பது இசைக்குறிப்பு மாதிரி, பிரிண்ட் என்பது அதை வாசிப்பது மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார்.

உங்கள் பெரியவர் "கையால்" என்று சொன்னாரே, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று டார்க்ரூமுக்குள் நின்றிராதவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெகடிவை என்லார்ஜர் என்ற விளக்குக் கருவியில் வைத்து, கீழே ஒளி பட்டால் கறுக்கும் பேப்பரில் பிம்பத்தைப் பெரிதாக விழவைக்கிறீர்கள். முதலில் டெஸ்ட் ஸ்ட்ரிப்: ஒரு துண்டுப் பேப்பரை அட்டையால் மூடி, ஐந்து ஐந்து விநாடியாகத் திறந்து, எந்த நேரம் சரி என்று பார்ப்பது. பதினைந்து விநாடி என்று முடிவானால் ஒரு முழு பிரிண்ட் போடுகிறீர்கள். முகம் இருட்டாக இருக்கிறது, ஜன்னல் வெளுத்துப்போயிருக்கிறது. அடுத்த தாளில், அந்தப் பதினைந்து விநாடியில் நான்கு விநாடிக்கு முகத்தின் மேல் ஒளி விழாமல் தடுக்க வேண்டும். ஒரு கம்பியின் முனையில் சின்ன அட்டை வட்டத்தை ஒட்டி, அதை ஒளிக்கு நடுவே ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டாமல் நிறுத்தினால் அந்த வட்டம் பிரிண்ட்டில் ஒரு ஒளிவளையமாகவே தெரியும். இது டாட்ஜிங். அப்புறம் ஜன்னலுக்கு மட்டும் இன்னும் இருபது விநாடி ஒளி தர வேண்டும். இரண்டு கைகளையும் குவித்து விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை விட்டு, அந்த ஓட்டை வழியாக ஒளியை ஜன்னல் மேல் மட்டும் பாய்ச்ச வேண்டும். இது பர்னிங். மனதுக்குள் விநாடி எண்ணிக்கொண்டே, கை நடுங்காமல் இதைச் செய்யும்போது பேப்பர் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும். என்ன செய்தோம் என்பது, பிம்பத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் ரசாயனத்தில் போட்டு ஒன்றரை இரண்டு நிமிடம் கழித்துத்தான் தெரியும். அதுவும் சிவப்பு விளக்கில், ஈரத்தில். காய்ந்ததும் பிரிண்ட் இன்னும் சற்று இருண்டுவிடும். அந்த இருட்டையும் முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து ஒரு நல்ல பிரிண்ட் வந்தால், அடுத்த பிரிண்ட்டுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். சேமித்துவைக்க முடியாது. அதனால்தான் பிரிண்ட் போடுபவர்கள் ஒரு மாதிரி பிரிண்ட்டின் மேலேயே கோடும் வட்டமும் போட்டு, எங்கே எத்தனை விநாடி என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்தின் நியூயார்க் டார்க்ரூமில் வேலை செய்த பாப்லோ இனிரியோ அப்படிக் குறித்துவைத்த மாதிரிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மழையில் டைம்ஸ் சதுக்கத்தில் நடிகர் ஜேம்ஸ் டீன் நடந்து வரும் படத்தை 1955-ல் டென்னிஸ் ஸ்டாக் எடுத்தார். அந்தப் படத்தின் குறிப்புப் பிரிண்ட்டைத் தேடிப் பாருங்கள். வானம், கோட்டு, தரை, முகம் என்று படம் முழுக்க வட்டங்களும் எண்களும். "எதுவும் செய்யாத பழைய படம்" என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பிரிண்ட்டைத்தான் காட்டுவேன்.

நீங்கள் தினமும் தொடும் கருவிகளின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஃபோட்டோஷாப்பில் டாட்ஜ் கருவியின் சின்னம் அந்தக் கம்பி முனை அட்டைதான். பர்ன் கருவியின் சின்னம் அந்தக் குவித்த கைதான். அன்ஷார்ப் மாஸ்க் என்ற பெயர் பலருக்குப் புதிராக இருக்கும். கூர்மையாக்கும் கருவிக்கு ஏன் "கூர்மையற்ற" என்று பெயர்? டார்க்ரூமில் நெகடிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான, மெல்லிய ஒரு பாஸிடிவ் (வெளிச்சம் வெளிச்சமாகவே தெரியும் பிரதி) செய்து, அதை நெகடிவோடு சேர்த்துவைத்து பிரிண்ட் போடுவார்கள். விளிம்புகள் தூக்கலாகத் தெரியும். அந்த மங்கல் பாஸிடிவ்தான் அன்ஷார்ப் மாஸ்க். லைட்ரூம் க்ளாஸிக் என்ற எடிட்டிங் மென்பொருளில் படத்தைச் சரிசெய்யும் பகுதிக்கு "டெவலப்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1990-ல் ஃபோட்டோஷாப் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது அதை உருவாக்கிய நால் சகோதரர்களுக்கு டார்க்ரூம் அந்நியமான இடம் இல்லை. அவர்கள் அப்பா வீட்டிலேயே டார்க்ரூம் வைத்திருந்தவர்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு "ஆகவே இரண்டும் ஒன்றுதான்" என்று முடித்துவிட்டால் அது பொய். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. கருவியின் பெயர் ஒன்று என்பதால் வேலை ஒன்றாகிவிடாது. என் அனுபவத்தில் ஒரு படத்தைச் சொல்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ தைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரை ஃபிலிமில் எடுத்திருந்தேன். பாதி முகம் வெளிச்சத்தில், பாதி இருட்டில். மூன்று இரவு அந்த நெகடிவோடு டார்க்ரூமில் நின்றேன். பதினேழு தாள் வீணானது. பதினெட்டாவது தாள் டெவலப்பரில் மெல்ல எழுந்து வந்தபோது, இருட்டான பக்கத்துக் கண் மட்டும் லேசாகத் தெரிந்தது. தெரிகிறதா இல்லையா என்ற அளவுக்குத்தான். அங்கே நிறுத்தினேன். நிறுத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் கையில் மீதி இரண்டு தாள்தான். பல வருடம் கழித்து அதே நெகடிவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் பழைய பிரிண்ட்டைவிடத் துல்லியமான ஒன்று வந்துவிட்டது. அந்தக் கண்ணை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தூக்க முடிந்தது. அதுதான் சிக்கலாகிப் போனது. அடுத்த சில வாரங்களில் பதினொரு வடிவம் செய்தேன். ஒன்றில் கண் நன்றாகத் தெரிந்தது, ஒன்றில் தையல் நூல் கூடத் தெரிந்தது, ஒன்றில் சுவரின் காரை வரைக்கும் தெரிந்தது. எல்லாம் தெரிந்த அந்தப் படத்தில் அந்த மனிதர் காணாமல் போயிருந்தார். கடைசியில் பழைய பிரிண்ட்டைச் சுவரில் மாட்டி, அதைப் பார்த்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் கண்ணை மறுபடியும் இருட்டுக்குள் தள்ளினேன்.

எனக்குத் தெரிந்து இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். டார்க்ரூமில் ஒவ்வொரு முடிவும் எடுத்த அந்த நொடியிலேயே பேப்பரில் ஏறிவிடும், திரும்பப் பெற முடியாது. அது மேடையில் பாடுவது மாதிரி. எத்தனை பயிற்சி செய்திருந்தாலும் அன்று பாடினால்தான் உண்டு. கம்ப்யூட்டரில் எந்த முடிவையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அது எழுதுவது மாதிரி. அடித்து, திருத்தி, ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடியும் திருத்தலாம். மேடைப் பாட்டு உயர்வா, எழுத்து உயர்வா என்று யாராவது கேட்டால் நாம் என்ன சொல்வோம்? இரண்டுக்கும் தேவையான திறமை வேறு வேறு. பாடகருக்கு அந்த நேரத்தில் தவறாமல் செய்யும் தேர்ச்சி வேண்டும். எழுதுகிறவருக்கு எதை வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். டார்க்ரூமில் பேப்பர் தீர்வதும் கால் கடுப்பதும் நம்மை நிறுத்திவிடும். கம்ப்யூட்டரில் நிறுத்த யாரும் இல்லை, நாமேதான் நிறுத்த வேண்டும். டிஜிட்டல் எடிட்டிங்கில் எனக்கு இன்றும் கடினமாக இருப்பது இந்த ஒன்றுதான். ஸ்லைடரை நகர்த்துவது ஒரு வாரத்தில் வந்துவிடும்.

"மெஷின் வேலை" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒரு ரெடிமேட் ப்ரீசெட்டை (முன்பே சேமித்துவைத்த திருத்தங்களின் தொகுப்பை) நூறு படங்களுக்கு ஒரே கிளிக்கில் போடுவது மெஷின் வேலைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஃபிலிம் காலத்தில் இருந்த கோடிக்கணக்கான பிரிண்ட்களும் லேபில் மெஷின் போட்டுத் தள்ளியவைதானே? ரோலைக் கொடுத்துவிட்டு மறுநாள் கவரில் வாங்கிக்கொண்டு வந்த படங்களை யாரும் கலை என்று சொன்னதில்லை. டார்க்ரூம் என்றதும் ஆடம்ஸை நினைத்துக்கொண்டு, டிஜிட்டல் என்றதும் செல்ஃபோன் ஃபில்டரை நினைத்துக்கொள்வது நியாயமில்லாத ஒப்பீடு. சிறந்ததைச் சிறந்ததோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஜெரி யூல்ஸ்மன். டார்க்ரூமில் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நெகடிவைப் பொருத்தி, ஒரே தாளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்திக் கனவு மாதிரியான படங்களைச் செய்தவர். இன்னொரு பக்கம் ஜெஃப் வால். 1993-ல் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் மர அச்சுப் படம் ஒன்றை அடியொற்றி, திடீர்க் காற்றில் காகிதங்கள் பறக்கும் ஒரு காட்சியைச் செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்த ஒரே படம் அது. இந்த இருவரில் ஒருவர் கலைஞர், மற்றவர் மெஷின் ஆபரேட்டர் என்று யாராலும் சொல்ல முடியாது.

கை உழைப்பை வைத்து அளப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே ப்ரெஸோன் தன் புகழ்பெற்ற படங்களுக்கு பிரிண்ட் போடும் வேலையைப் பெரும்பாலும் மற்றவர்களிடம் விட்டுவிட்டார். பாரிஸில் ஒரு லேபில் வேலை செய்த வோயா மித்ரோவிச் போன்றவர்கள் அவருக்காகப் பிரிண்ட் போட்டார்கள். கையால் செய்தால்தான் கலை என்றால் அந்தப் படங்களின் கலைஞர் யார்? என்னைக் கேட்டால் இரண்டு பேரும்தான். எடுத்தவர் ஒரு கலைஞர், பிரிண்ட் போட்டவர் இன்னொரு கலைஞர். அச்சில் பெயர் வராத எத்தனையோ பிரிண்டர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பெரியவரின் கோபத்திலும் இந்த வருத்தம் ஒளிந்திருக்கலாம். தான் வருடக்கணக்கில் கற்றுக்கொண்ட ஒன்றை யாரும் பெரிதாக நினைக்கவில்லையே என்ற வலி அது.

பொருளின் இயல்பிலேயே சில வித்தியாசங்கள் உண்டு. ஃபிலிமில் வெளிச்சம் கூடக் கூட அடர்த்தி ஏறும் வேகம் மெல்லக் குறையும். அதனால் மேகம், வெள்ளைத் துணி போன்ற பிரகாசமான இடங்களில் விவரம் சட்டென்று அறுந்து போகாது, தேய்ந்துதான் போகும். டிஜிட்டல் கேமராவின் சென்சார் அப்படி இல்லை. நிரம்பும் வரை நேர்கோட்டில் ஏறும், நிரம்பியதும் முடிந்தது, அதற்கு மேல் வெறும் வெள்ளை. 14 பிட் ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலில்) இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 16,384 படிகள் உண்டு. அதில் பாதி, அதாவது 8,192 படிகள், மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு ஒரு ஸ்டாப்) போய்விடும். இருட்டான பகுதிகளுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஃபிலிமில் "நிழலுக்கு எக்ஸ்போஸ் செய், வெளிச்சத்துக்கு டெவலப் செய்" என்று படித்தவர்கள் டிஜிட்டலில் அதைத் தலைகீழாகக் கற்க வேண்டியிருந்தது. ரா ஃபைல் என்பது படமே இல்லை, வெறும் எண்கள். யாராவது ஒருவர் அதற்கு டோனும் நிறமும் முடிவு செய்தே தீர வேண்டும். நீங்கள் செய்யாவிட்டால் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் செய்யும், அதை எழுதிய எஞ்சினியரின் ரசனைப்படி. "நான் எடிட்டே செய்வதில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களின் ஜேபெக் படமும் எடிட் ஆனதுதான்.

இப்போது ஏமாற்று வேலையா என்ற கேள்வி. இதில் டார்க்ரூமா கம்ப்யூட்டரா என்பது முக்கியமே இல்லை. பார்ப்பவருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பதுதான் முக்கியம். 1954-ல் அமெரிக்காவின் லைஃப் இதழில் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித், ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திய ஆல்பர்ட் ஷ்வைட்சரைப் பற்றிச் செய்த தொகுப்பில் ஒரு படத்தின் கீழ் மூலையில் ஒரு கையும் ரம்பப் பிடியும் நிழலுருவாகத் தெரியும். அவை வேறொரு நெகடிவிலிருந்து டார்க்ரூமில் சேர்க்கப்பட்டவை. செய்திப் படம் என்று நம்பியவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. நேஷனல் ஜியோகிராஃபிக் 1982 பிப்ரவரி இதழின் அட்டையில் இரண்டு பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்ததும் அதே வகைத் தவறுதான். ஒன்று கையால் செய்தது, ஒன்று மெஷினால் செய்தது. தவறின் அளவு அதனால் கூடவோ குறையவோ இல்லை. மாறாக, ஜெர்மன் புகைப்படக்காரர் ஆந்த்ரயாஸ் குர்ஸ்கி 1999-ல் ரைன் நதிப் படத்திலிருந்து கட்டடத்தையும் மனிதர்களையும் நீக்கினார். அதை அவர் மறைக்கவில்லை, செய்தி என்று சொல்லி வைக்கவுமில்லை. அதனால் அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். செய்திப் படத்துக்கு விதிகள் கடுமையாக இருப்பது நல்லதுதான். 2015 வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில், கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் சுமார் 20 சதவீதத்தை, மூல ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு விலக்கினார்கள். ரா ஃபைல் என்ற ஒன்று இருந்ததால்தான் அப்படிச் சரிபார்க்க முடிந்தது என்பதையும் கவனியுங்கள்.

இனி எனக்கே உறுதியில்லாத பகுதி. சில்வர் பிரிண்ட்டுக்கென்று (வெள்ளி உப்பு உள்ள பேப்பரில் டார்க்ரூமில் போடும் பிரிண்ட்) ஓர் ஆழம் உண்டு, மை தெளித்துப் போடும் இன்க்ஜெட்டில் அது வராது என்று பலர் சொல்வார்கள். சில்வர் பிரிண்ட்டில் பிம்பம் ஜெலட்டின் படலத்துக்கு உள்ளே இருக்கிறது, இன்க்ஜெட்டில் மை பேப்பரின் மேற்பரப்பிலோ அதன் பூச்சிலோ உட்காருகிறது. இந்த வித்தியாசம் நிஜம். ஆனால் டார்க்ரூம் பேப்பர் போன்ற பூச்சுள்ள நல்ல பரைட்டா பேப்பரில் பிக்மென்ட் (நிறமித் துகள்) மையால் போட்ட பிரிண்ட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால் என்னால் எப்போதும் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஒரு கண்காட்சியில் சில்வர் என்று நினைத்து ரொம்ப நேரம் நின்று ரசித்தேன், கீழே குறிப்பைப் படித்தபோது இன்க்ஜெட் என்று இருந்தது. ஆக அந்த ஆழம் எவ்வளவு பேப்பரில் இருக்கிறது, எவ்வளவு நம் மனதில் இருக்கிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆயுளைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் தெளிவு: பிம்பத்தை நிலைப்படுத்தும் ரசாயனங்களில் நன்றாக ஃபிக்ஸ் செய்து, கழுவி, டோனிங் செய்த சில்வர் பிரிண்ட்கள் நூறு வருடம் தாண்டி நம் கண்முன் இருக்கின்றன. பிக்மென்ட் பிரிண்ட்டுக்குச் சொல்லப்படும் ஆயுள், கடும் வெளிச்சத்தில் வைத்துச் சோதித்துக் கணக்கிட்டது. காலம் இன்னும் அதைச் சோதிக்கவில்லை.

இன்னொரு சந்தேகம் ஏஐ பற்றியது. 2023-ல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியக் கலைஞர், ஏஐ உருவாக்கிய ஒரு படத்துக்கு சோனி உலகப் புகைப்பட விருதுகளில் பரிசு கிடைத்தபோது அதை வாங்க மறுத்தார். இது புகைப்படம் இல்லை, இரண்டும் ஒரே போட்டியில் இருக்கக்கூடாது என்றார். என் மனம் அவர் பக்கம்தான் சாய்கிறது. டாட்ஜ் செய்தாலும், பத்து நெகடிவைச் சேர்த்தாலும், ஒரு காலத்தில் ஒரு பொருளின் மேல் பட்ட ஒளி அங்கே இருக்கிறது. அது அறவே இல்லாத படம் கலையாக இருக்கலாம், ஆனால் அது நம் தொழில் இல்லை. ஒரு மூலையில் இருக்கும் மின்கம்பியை ஏஐ கருவியால் அழிப்பதும் அதே கணக்கில் வருமா? இன்று வராது என்று நினைக்கிறேன். கோடு எங்கே என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த வருடம் வேறு மாதிரி சொல்லவும் கூடும்.

கடைசியாக, டார்க்ரூம் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு மாதமாவது நின்று பாருங்கள். கலைஞர் ஆவதற்கு அது நிபந்தனை இல்லை. ஒரு முடிவுக்கு விலை இருந்தால் நாம் எப்படி யோசிக்கிறோம் என்பது உடம்புக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் கூடவே இருக்கும். வாய்ப்பு இல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரையைத் தொடுவதற்கு முன், ஒரு சின்ன பிரிண்ட் எடுத்து அதன் மேல் பேனாவால் வட்டம் போட்டு, எங்கே இருட்ட வேண்டும், எங்கே வெளுக்க வேண்டும், ஏன் என்று எழுதுங்கள். எழுதியதை மட்டும் செய்யுங்கள், கூட ஒன்றும் வேண்டாம். பேப்பரில் போட்டு, நீங்கள் தினமும் கடந்துபோகும் ஒரு சுவரில் ஒரு வாரம் மாட்டி வையுங்கள். திரையில் ஒளி உள்ளிருந்து வருகிறது, பேப்பரில் வெளியிலிருந்து பட்டுத் திரும்புகிறது. திரையில் பளிச்சென்று இருந்த நிழல்கள் பேப்பரில் அடைத்துப்போயிருப்பதை மூன்றாவது நாளே பார்த்துவிடுவீர்கள். வாரக் கடைசியில் இன்னொரு முறை வட்டம் போடுங்கள், இன்னொரு பிரிண்ட். நான்கு ஐந்து சுற்று போனதும் அந்தப் பிரிண்ட்களை வரிசையாகக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரிடம் போங்கள். வாதம் ஏதும் வேண்டாம். குறிப்பு எழுதிய பிரிண்ட்களையும் சேர்த்தே காட்டி, "இந்த மூலையை நீங்களாக இருந்தால் எத்தனை விநாடி பர்ன் செய்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். டார்க்ரூமில் நின்ற எவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கமாட்டார்.